கல்லுல தேய்க்காத காசு

நாலாயிரத்து முன்னூறு. இந்த எண்ணை மனசுல நல்லா வெச்சுக்கங்க. ஒரு வருஷம், நாணயம் அடிக்கிற ஆலையில அடிச்ச பெரிய வெள்ளிக் காசு மொத்தமே இவ்வளவுதான். அதுக்கு முந்தின வருஷம் லட்சக்கணக்கு. அடுத்த வருஷமும் லட்சக்கணக்கு. நடுவுல அந்த ஒரு வருஷம் மட்டும் நாலாயிரத்து முன்னூறு. ஏன்னு சொல்றேன், அதுக்கு முன்னாடி பித்தானம்மாவைப் பத்திச் சொல்லணும்.

பித்தானம்மாங்கிறது பட்டப்பேரு. சட்டை தைக்கிற கம்பெனியில பித்தான் மெஷின்ல உக்கார்ற அம்மா. காலால ஒரு மிதி, டக். துணியை நகர்த்து, மறுபடி டக். நாள் முழுக்க இதே பொழப்பு. கை வேலை பார்க்கும், வாய் சூப்பர்வைசரைக் கிழிக்கும். சங்கத்துல எங்களுக்கு அந்த வாய் பெரிய பலம். ஆனா கூட்டத்துல உண்டியல் சுத்தி வர்றப்ப மட்டும் அந்தம்மா காசு போடுறதுக்கு முன்னாடி உள்ள எட்டிப் பார்க்கும். கண்ணுக்குப் பிடிச்ச பழைய காசு ஒண்ணு கிடந்தா, ரெண்டு புதுக் காசைப் போட்டுட்டு அதை எடுத்துக்கும். பொருளாளர் என்கிட்ட வந்து முறையிட்டார். சங்கத்துக்கு லாபம்தானேய்யா, விடுன்னேன்.

ஆனா அந்தம்மா காசு பிடிக்கிற இடம் உண்டியல் இல்ல, அடகுக் கடை. அடகு வெச்சதைக் கெடுவுக்குள்ள மீட்கலைன்னா மூழ்கிப் போச்சுன்னு சொல்வாங்க இல்ல, அப்படி மூழ்கின சாமானோட பழைய வெள்ளிக் காசுங்களும் கிடக்கும். கடைக்காரனுக்கு அது வெறும் வெள்ளி. எடை போட்டு உருக்குறவன்கிட்ட அனுப்பிடுவான். பித்தானம்மா சனிக்கிழமை அரைநாள் வேலை முடிஞ்சதும் கடை கடையா ஏறி, உருக்குறவன் கொடுக்கிற விலைக்கு மேல கொஞ்சம் கொடுத்து, தட்டுல கிடக்கிறதைக் கிளறி ஒண்ணு ரெண்டு பொறுக்கிட்டு வரும். ஓவர்டைம் காசு அத்தனையும் இதுக்குத்தான் போச்சு.

இதுல தெருவுக்குப் பெரிய கதை. எல்லாரும் அடகுக் கடைக்கு எதையாவது பொத்தி எடுத்துட்டுப் போய் வெறுங்கையோட வருவாங்க. இந்தம்மா வெறுங்கையோட போய் எதையோ பொத்தி எடுத்துட்டு வரும். அது யாருக்குத் தெரியும்? வாராவாரம் அடகுக் கடை ஏறுறா, புருஷன் குடிச்சே அழிக்கிறான் போலன்னு தெருவே முடிவு கட்டிடுச்சு. அந்தப் புருஷன் சிமெண்ட் லாரி ஓட்டுற மனுஷன், டீயைத் தவிர ஒண்ணும் தொடாதவர். ஒருநாள் எதிர்வீட்டுப் பெரியம்மா அவரை வழியில நிறுத்தி, தம்பி, குடியை விட்டுடுப்பான்னு தழுதழுத்துட்டாங்களாம். அன்னைக்கு ராத்திரி வீட்டுல நடந்ததை அவரே சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "உன் காசு ஆசையில எனக்குக் குடிகாரப் பட்டமே வந்துடுச்சுடி. இனி குடிச்சாத்தான் நியாயம்."

அப்படிச் சொன்னவர்தான் மரப்பலகை ஒண்ணுல வட்ட வட்டமாக் குழி குடைஞ்சும் கொடுத்தார். வருஷத்துக்கு ஒரு குழி, அதுல அந்த வருஷத்துக் காசு. நான் அவங்க வீட்டுக்குப் போயிருந்தப்ப காட்டுச்சு. ரெண்டே அறை, கட்டிலுக்கு அடியில இருந்து பலகையை இழுத்து மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துச்சு. எல்லாக் குழியும் நிறைஞ்சிருந்துச்சு, நடுவுல ஒண்ணு மட்டும் காலி. நான் சும்மா இருக்காம, "முதலாளியோட பணத்தை ஒழிக்கச் சொன்னா நீ அதுக்குத் தொட்டில் கட்டி ஆட்டுறியேம்மா"ன்னேன்.

"அந்தக் காலிக் குழி எதுக்குத் தெரியுமா தோழர்?"

பாதையோரம் பழைய காசு விக்கிற பெரியவர் ஒருத்தர் அந்தம்மாவுக்குச் சொன்ன கதையாம். அந்த வருஷம் ஆரம்பத்துலயே நாணய ஆலையில வேலைநிறுத்தம். நாலாயிரத்து முன்னூறு காசு அடிச்சிருந்தாங்க, அதோட மெஷினை நிறுத்திட்டு வெளியில வந்து நின்னுட்டாங்க. திரும்ப உள்ள போறதுக்குள்ள வருஷம் முடிஞ்சு போச்சு. அடுத்து அடிச்ச காசுல அடுத்த வருஷத்தோட எண்.

எத்தனையோ வேலைநிறுத்தத்தைப் பத்தி மேடையில முழங்கியிருக்கேன். இது எனக்குத் தெரியாது. அந்தக் காலிக் குழியவே பார்த்துக்கிட்டிருந்தேன். இந்த ஒரு காசைத்தான் பித்தானம்மா வருஷக்கணக்கா ஒவ்வொரு கடைத் தட்டுலயும் தேடிக்கிட்டிருந்துச்சு. கிடைச்சதில்ல. முக்கால்வாசி எப்பவோ உருக்குறவன் அடுப்புக்குப் போயிருக்கும்னு அதுக்கே தெரியும்.

எங்க கம்பெனி கதவடைச்சப்ப குடும்பங்களுக்குச் சாமான் வாங்க வழியில்லாம சங்கத்து மைக் செட்டை அடகு வெச்சோம். வேலைக்குத் திரும்பி மூணாம் சம்பளத்துல மீட்கப் போனோம். கடைக்காரர் பித்தானம்மாவுக்குப் பழக்கம், வட்டியில ஏதாவது குறைப்பார்னு கூட்டிட்டுப் போனேன். கம்பிக் கதவு, கண்ணாடிப் பெட்டிக்குள்ள தராசு, மேல கடகடன்னு ஒரு ஃபேன். என்னைப் பார்த்ததும், "வாங்க தலைவரே, உங்க குரல் இங்க பத்திரமாத்தான் இருக்கு"ன்னு மைக் செட்டைக் காட்டிச் சிரிச்சார்.

எங்களுக்கு முன்னாடி ஒரு பெயிண்டர் நின்னுக்கிட்டிருந்தார். நகக்கண்ணெல்லாம் நீலப் பெயிண்ட். வீடு மாறணும், முன்பணம் கேக்குறாங்க, கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்கன்னு சொல்லிட்டு ஒரு பொட்டலத்தைப் பிரிச்சார். ரெண்டு மோதிரம், ஒரு பெரிய வெள்ளிக் காசு. காசு மாமனார் கொடுத்ததாம். கடைக்காரர் மோதிரத்தை உரைகல்லுல தேய்ச்சுப் பார்த்துட்டுத் தள்ளி வெச்சார். அப்புறம் காசை எடுத்து விளக்கு வெளிச்சத்துல திருப்பினார், வருஷத்தோட எண் எங்க பக்கம் தெரிஞ்சுது.

பித்தானம்மா என் முழங்கையைப் பிடிச்சுது. நகம் உள்ள இறங்குச்சு. திரும்பிப் பார்த்தேன், முகத்துல ரத்தமே இல்ல.

கடைக்காரர் காசோட ஓரத்தைக் கல்லுகிட்ட கொண்டு போனார். வெள்ளி நிஜமான்னு பார்க்கிற எந்தக் கடைக்காரரும் செய்யறதுதான். ஆனா கல்லுல ஒரு தேய், அவ்வளவுதான். அந்தத் தழும்பு போகவே போகாது. அப்புறம் காசு சேர்க்கிறவன் எவனும் அதைக் கையால தொட மாட்டான். பித்தானம்மா போற கடையில எல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி வெச்சிருந்துச்சு. இவர்கிட்டயும் சொல்லியிருக்கு. மனுஷன் பழக்க தோஷத்துல மறந்துட்டார்.

"அண்ணே, கல்லுல வைக்காதீங்க."

சத்தமே இல்ல அந்தக் குரல்ல. கடைக்காரர் கை அப்படியே நின்னுச்சு. அந்தாளு தொழில்ல பழம் தின்னு கொட்டை போட்டவர். பித்தானம்மா முகத்தை ஒரு பார்வை, காசை ஒரு பார்வை. புரிஞ்சு போச்சு. காசை மெத்துனு துணியில வெச்சுட்டு பெயிண்டர்கிட்ட தேனா உருகினார்: அடகெல்லாம் எதுக்கு தம்பி, வித்துடு, வெள்ளி விலைக்கு மேலயே போட்டுத் தர்றேன். சொல்லிக்கிட்டே பித்தானம்மாவுக்குக் கண்ணைக் காட்டினார். நாம அப்புறம் பேசிக்கலாம்னு அர்த்தம்.

பெயிண்டரும் முட்டாள் இல்ல. திடீர்னு ஏன் இந்த அன்புன்னு யோசிச்சவர் பித்தானம்மா பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க சொல்லுங்க. இது என்னது?"

 சாதா வெள்ளிதான் தம்பின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா. அவ்வளவு போதும். அந்தக் காசு சாயங்காலத்துக்குள்ள கட்டிலுக்கு அடியில போயிருக்கும். அந்தக் கணக்கு எனக்கே புரிஞ்சுது, அந்தம்மாவுக்குப் புரியாதா? அது பெயிண்டரைப் பார்க்கல, என்னையும் பார்க்கல. துணி மேல கிடந்த காசைத்தான் பார்த்துக்கிட்டே நின்னுச்சு.

அப்புறம் சொல்லுச்சு. "யாருக்கும் எடைக்குக் கொடுத்துடாதீங்க தம்பி. துடைக்காதீங்க, கழுவாதீங்க. காசு ஏலம் போடுற பெரிய கடை இருக்கு, அங்க கொண்டு போங்க. அவசரம்னு காட்டிக்காதீங்க."

கடைக்காரர் பொங்கிட்டார். "என் கடையில நின்னுக்கிட்டு என் வயித்துலயே அடிக்கிறியேம்மா, இது நியாயமா?"

"உங்க வயித்துக்கு ஒரு குறையும் வராதுண்ணே. உக்காந்த இடத்துல இருந்தே தராசைத் தொடுது."

பெயிண்டருக்கு என்ன தோணுச்சோ, காசை எடுத்து பித்தானம்மாகிட்ட நீட்டினார். ஒரு தடவை கையில வெச்சுப் பாருங்கக்கான்னார். அந்தம்மா ரெண்டு கையையும் துடைச்சுது. துடைச்ச கையவே மறுபடி துடைச்சுது. ரெண்டு விரலால ஓரத்தை மட்டும் பிடிச்சு வெளிச்சத்துல சாய்ச்சுது. ஓரத்துப் பல் ஒவ்வொண்ணும் நேத்து வெட்டின மாதிரி. காசுல இருந்த முகத்தோட தலைமுடி இழை இழையாத் தெரிஞ்சுது. எவன் பையிலயும் கிடந்து உரசாத காசு. பித்தானம்மாவோட உதடு மட்டும் அசைஞ்சுது, பேச்சு வரல. இந்த வாய் அடங்கி நான் பார்த்ததே இல்ல.

அப்புறம் என்கிட்ட கொடுத்துச்சு. "ஓரத்துல பிடிங்க தோழர். முகத்துல கை வெச்சுடாதீங்க."

பிடிச்சேன்.  நாங்க நடத்தின எந்தப் போராட்டத்துக்கும் இன்னைக்குச் சாட்சி கிடையாது. தட்டி கிழிஞ்சுது, சுவத்துல எழுதினது மேல சுண்ணாம்பு அடிச்சாங்க, நோட்டீசுல கடலை மடிச்சாங்க. இங்க பார்த்தா, யாரோ முகம் தெரியாத ஜனங்க ஒருநாள் கையைக் கட்டிக்கிட்டு மெஷின் முன்னாடி நின்னதுக்கு அரசாங்கமே வெள்ளியில முத்திரை குத்திக் கொடுத்த சாட்சி. என் உள்ளங்கையை விடச் சின்னது. மைக் இல்லாமலே அது பேசுது.

கடைக்காரர் கோவத்துல வட்டியில சல்லிக்காசு குறைக்கல. மைக் செட்டைத் தூக்கிக்கிட்டு நடந்தோம். இதை வர்க்க ஒற்றுமைன்னு ஒரு நோட்டீஸ் போடலாம்னு என் மண்டையில ஓடுச்சு. ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்காகன்னு ஆரம்பிச்சேன். அந்தம்மா வெடுக்குனு வெட்டுச்சு.

"அந்தத் தம்பி யாருன்னே எனக்குத் தெரியாது தோழர். எனக்கு அந்தக் காசு வேணும். இப்பவும் வேணும், வயிறு எரியுது. ஆனா அது முன்னாடி நின்னுக்கிட்டுப் பொய் வர மாட்டேங்குது. நான் என்ன பண்ண?"

நோட்டீஸ் போடல.

ரெண்டு மாசம் கழிச்சு பெயிண்டர், அடகுக் கடையில விசாரிச்சுக்கிட்டு எங்க கம்பெனி கேட்டுக்கே வந்தார். காசு ஏலத்துக்கு வருது, முந்தின நாள் யார் வேணா போய்ப் பார்க்கலாம்னு சொல்லிட்டுப் போனார். பித்தானம்மா, வீட்டுக்காரர், நான், மூணு பேரும் போனோம். வழவழன்னு தரை, கோட்டுப் போட்ட ஆளுங்க, கண்ணுல பூதக்கண்ணாடி. கண்ணாடிப் பெட்டிக்குள்ள விளக்குக்குக் கீழ அது தனியா உக்காந்திருந்துச்சு. பித்தானம்மா அவ்வளவு கிட்ட நின்னதுல மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கிப் போச்சு. காவல்காரர் தள்ளி நிக்கச் சொன்னார். தள்ளி நிக்கும். அடுத்த நிமிஷம் மூக்கு கண்ணாடியில இருக்கும். மூணாவது தடவை அவர் சொல்றதை விட்டுட்டு, அதுல அப்படி என்னதான் இருக்குன்னு தானும் எட்டிப் பார்த்தார். அந்தம்மா அவருக்கு வேலைநிறுத்தக் கதையைச் சொல்லுச்சு. அவர் தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, நிஜமாவான்னு மட்டும் கேட்டார்.

"இதுக்காடி இத்தனை வருஷம் எனக்குக் குடிகாரப் பேரு"ன்னு முணுமுணுத்துக்கிட்டே வீட்டுக்காரர் குனிஞ்சார். குனிஞ்சவர் நிமிர ரொம்ப நேரமாச்சு. 

ஏலத்தன்னைக்கு அந்தம்மாவுக்கு ஷிப்ட். மறுநாள் காலையில பெயிண்டர் கேட்டு முன்னாடி நின்னுக்கிட்டிருந்தார். முன்பணம் இல்ல, வீடே வாங்கப் பார்க்கிறேன்க்கான்னு சொன்னார். எவ்வளவுக்குப் போச்சுன்னு பித்தானம்மா கேட்டுச்சு. சொன்னார். பக்கத்துல நின்ன நாலு பேருக்கு மூச்சு நின்னுச்சு.

"கம்மி"ன்னுச்சு பித்தானம்மா. சங்கு ஊதினதும் உள்ள போயிடுச்சு.

நான் அங்கேயே நின்னு அந்த விலையை அந்தம்மா வாங்குற சம்பளத்தால வகுத்துப் பார்த்தேன். ஒன்பது வருஷம், நாலு மாசம்.