பனி இல்லாத ஊரில் ஒரு பறத்தல்

சித்தூரிலிருந்து புத்தூர்ப் பக்கத்து மிஷன் பள்ளிக்கு வாத்தியாராக மாற்றிப் போட்டார்கள். நான் ஒண்டிக்கட்டை, அங்கே பேச்சுத்துணைக்கும் ஆளில்லை. ஒருநாள் சீமைப் பத்திரிகையில் ஒரு படம் பார்த்தேன். காலில் நீளப் பலகைகளைக் கட்டிய ஒருவன் பனிமலையிலிருந்து தாவி ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்தான். எனக்கும் ஆசை வந்துவிட்டது. கற்றுத்தரச் சொல்லிப் பள்ளியை நடத்திய வெள்ளைக்காரத் துரையிடம் கேட்டேன்.

"முதலில் பனியைக் கொண்டுவாரும், வாத்தியாரே" என்று சிரித்தார்.

ரோஷத்தில் நானே பலகைகளைக் கட்டிக்கொண்டு, காய்ந்த புல் சரிவில் சறுக்கிக் குதித்தேன். கால் எலும்பு முறிந்தது. நான் போட்ட கூச்சலுக்கு, முன்பின் தெரியாத ஒரு மாட்டுவண்டிக்காரர் ஓடிவந்தார். புத்தூர் எலும்புக்கட்டு வைத்தியர் வீட்டில் என்னைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வெளியே போனார்.

வைத்தியர் காலைத் தடவிப் பார்த்தார். "இழுத்துக் கட்டணும். தோளைப் பிடிச்சிக்க ஆள் வேணும். கூட வந்தவங்க யாரு, வாத்தியாரே?"

யார் பெயரைச் சொல்வது? வாசலில் வண்டி கிளம்பும் சலங்கைச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. வண்டிக்காரர் உள்ளே வந்தார். என் பின்னால் உட்கார்ந்து, என்னைத் தன் மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டார்.

"நான்தான் வந்துகீறேன். கத்தணும்னா கத்திடு, நைனா."

வைத்தியர் காலைத் தொடுவதற்கு முன்பே நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.