டி பேட்ச் எடுத்த அளவு

ஜூடித் மைசூரில் ஒரு பெண்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் பதினோரு வருடமாக டெமான்ஸ்ட்ரேட்டர். 1998 ஆகஸ்டில் முதலாண்டு மாணவிகளின் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தும்போது அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும்போது அளவெடுக்கும் சோதனை அது. அத்தனை பேரும் 9.8 மில்லி என்றே எழுதியிருந்தார்கள். அன்றைக்கு வகுப்புக்கே வராதவள்கூட! கையேட்டிலேயே விடை அச்சாகியிருந்தால் காரம் விடும் அளவுக்குழாயை, ப்யூரெட்டை, யார் பார்ப்பார்கள்?

ஊரில் அக்ரஹாரம் பகுதியில் புதிதாகத் திறந்திருந்த இன்டர்நெட் கடையில் நான்கு சாயங்காலம் உட்கார்ந்து தேடினார். வெளிநாட்டுக் கல்லூரி ஒன்று தன் ஆய்வகப் பாடத்தாள்களைப் பொதுவில் வைத்திருந்தது. யாரும் எடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், காசு வேண்டாம் என்று அடியில் போட்டிருந்தது. அவற்றில் விடையே கிடையாது. 'மூன்று முறை செய். கண்டதை எழுது' என்று மட்டும் இருந்தது. ஜூடித் அவற்றைத் தன் ஆய்வகத்துக்கு ஏற்ப மாற்றி எழுதினார். ஒரு தாளில் நிறங்காட்டியாகக் கேட்டிருந்த சிவப்பு முட்டைக்கோஸுக்குப் பதில் செம்பருத்திச் சாறு.

துறைத் தலைவர் ரத்தினசாமி தாள்களைப் புரட்டினார். "சும்மா கெடைக்கறத நம்பி லேப் நடத்தறதாம்மா? எக்ஸாமினர் கேட்டா?"

"நான் பதில் சொல்றேன் சார். ஒரே ஒரு பேட்ச் குடுங்க."

"ஆயித்து, சரி, டி பேட்ச எடுத்துக்குங்க."

மதிப்பெண்ணில் கடைசி பேட்ச் அது. விடை தெரியாமல் எழுத அந்தப் பெண்களுக்குப் பயம். கோபிநத்தத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த மாதம்மா ஒருநாள் அழுதேவிட்டாள்.

"தப்பா வந்தா என்ன பண்றதுங்க மிஸ்?"

"வந்தத எழுது. ஏன் அப்படி வந்துச்சுன்னு ரெண்டு பேரும் பாப்போம்."

மார்ச்சில் செய்முறைத் தேர்வு. முந்தின நாள் கலக்கி வைத்த காரத்தில் தண்ணீர் கூடிவிட்டது யாருக்கும் தெரியாது. பெங்களூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், தமிழர், விடைத்தாள்களைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார். மற்ற பேட்ச் பெண்கள் எல்லோரும் 9.8. டி பேட்சில் மட்டும் 12.3, 12.4, 12.5.

மாதம்மாவைக் கூப்பிட்டார். "உங்க பேட்ச் மட்டும் எப்படிம்மா இப்படி?"

"மூணு தடவ செஞ்சனுங்க சார். மூணு தடவையும் இதேதானுங்க வந்துது."

"மத்தவங்க எல்லாம் தப்பா?"

"அது தெரியாதுங்க. நான் பாத்தது இதுதானுங்க."

தேர்வாளர் கோட்டுக் கையை மடித்துவிட்டுத் தானே ப்யூரெட்டைத் திறந்தார். 9.8 கடந்தது. பதினொன்று, பன்னிரண்டு... குடுவையில் நிறம் மாறவில்லை. ஜூடித் குனிந்து குடுவையைப் பார்த்தார். 12.4-இல் வெளிர் ரோஜா நிறம் வந்து நின்றது.

"இந்தப் பொண்ணுங்கதான் சார் சோதனை செஞ்சிருக்காங்க," என்றார் தேர்வாளர் ரத்தினசாமியிடம். "மத்தவங்க திரும்பச் செய்யட்டும்."

டி பேட்ச் தேர்வறை என்பதையும் மறந்து கைதட்டியது. அதட்ட வாயெடுத்த ரத்தினசாமி, சிரித்துவிட்டார்.

ஜூனில் அந்தத் தாள்கள் நான்கு பேட்சுக்கும் நகலெடுக்க ஸ்டென்சிலில் ஏறின. மேலே அவற்றை முதலில் எழுதிய வெளிநாட்டுப் பேராசிரியரின் பெயரைத் தட்டச்சு செய்தார் ஜூடித். ரத்தினசாமி எட்டிப் பார்த்தார்.

"உங்க பேரு எங்கம்மா?"

இத்தனை வருடத்தில் முதல்முறையாக, தன் பெயரையும் கல்லூரித் தாளில் தட்டச்சு செய்தார் ஜூடித்.