அளவெடுத்த கோணல்

வீட்டில் அவளுக்கு ‘அளவுகோல்’ என்று பெயர். பகலில் ஒரு பல் மருத்துவரிடம் சீட்டு எழுதும் வேலை. மாலையில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு நோட்டுப் புத்தகம் தைப்பாள். தாளை மடித்து, ஊசியால் துளையிட்டு, மெழுகு தேய்த்த நூலைக் கோத்து இழுப்பாள். படித்தது பத்தாவதுதான், ஆனால் அவள் வெட்டிய விளிம்பில் மயிரிழை பிசகை யாரும் காட்டிவிட முடியாது.

கடைத்தெருவில் கைவேலைப் பொருள் விற்கும் கடை ஒன்று உண்டு. அதன் அலமாரியில் தன் நோட்டுகள் நிற்க வேண்டும் என்பது அவளுடைய இரண்டு வருட ஆசை. ஒருநாள் துணிந்து முப்பது நோட்டுகளைக் கொண்டுபோனாள். கடைக்காரம்மா ஒன்றைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இதுல ‘ஹேண்ட்மேட்’னு சீட்டு ஒட்ட முடியாதும்மா.”

“ஏங்க? ஹேண்ட்மேட்னா கையால செஞ்சதுதானே? என் கையாலதாங்க செஞ்சேன்.”

“செஞ்சா மட்டும் போதுமா? பார்த்தா தெரிய வேணாமா? கொஞ்சம் கோணலா இருந்தாத்தான் வாங்குறவங்க நம்புவாங்க.”

வீட்டில் கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். “கோணலுக்கா பஞ்சம்? என்கிட்ட குடு, கண்ணை மூடிக்கிட்டு செஞ்சு தரேன்.”

“நீங்க மாட்டின அலமாரியத்தான் தினமும் பாக்குறேனே! வச்ச டம்ளர் தானா நடந்து வருது.”

ஒரு வாரம் கோணலோடு மல்லுக்கட்டினாள். கை கேட்கவே இல்லை. கடைசியில் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு நோட்டிலும் வலது மூலையில் சரியாக மூன்று மில்லிமீட்டர் சரிவு குறித்து வெட்டினாள். முப்பது புதிய நோட்டுகள் தயார்.

கடைக்காரம்மா அவற்றை அடுக்கிப் பார்த்தார். முப்பது கோணலும் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தன.

“அடக் கடவுளே, எல்லாம் ஒரே கோணல்! இது மெஷினேதான். அதுவும் ரிப்பேரான மெஷின்!”

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அங்கேயே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து தாள், கத்தி, ஊசி, நூல் எல்லாம் வெளியே வந்தன. அளவுகோலைத் தொடவில்லை, கண்ணாலேயே அளந்து வெட்டினாள். பொருள் வாங்க வந்தவர்கள் வாங்குவதை மறந்து சுற்றி நின்றார்கள். கடைக்காரம்மா டேப்பை வைத்து நாலு பக்கமும் அளந்தார், மயிரிழைகூடப் பிசகவில்லை. அதற்குள் ஒருவர், “அது எனக்கு!” என்று கை நீட்டிவிட்டார்.

“திருப்பி அனுப்பினேனே, அந்த நேர் நோட்டையே கொண்டு வாங்கம்மா. சனிக்கிழமையானா இங்க உக்காந்து தைங்க. உங்களைப் பார்த்த பிறகு சீட்டு எதுக்கு?”

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தன் நோட்டுக்கு ஒதுக்கிய தட்டைக் கையால் துடைத்தாள். பக்கத்துத் தட்டில் மெழுகுவத்திகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன. பொறுக்கவில்லை, ஒன்றை மெல்லப் பிடித்து நிமிர்த்தினாள்.

“ஐயோ, அதத் தொடாதீங்க!” என்று ஓடிவந்தார் கடைக்காரம்மா. “அதெல்லாம் ஹேண்ட்மேட்!”