எதிர்க்கரை தெரியாத ஏரி

ஜெர்மன் சண்டை முடிந்த மறு வருஷம், டிசம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை எட்டு மணிக்கு ஜோலார்பேட்டையில் பெங்களூர் ரயில் ஏறினேன். மூன்றாம் வகுப்பு, தூரம் ஏறக்குறைய எண்பத்தைந்து மைல். அப்போது நான் திருப்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். சீமையிலிருந்து வரும் அச்சுப் படங்களைப் பார்த்து மலையும் ஆறும் வரைந்து, பெங்களூர் தண்டில், அதாவது கன்டோன்மென்ட்டில், ஒரு கண்ணாடிச் சட்டக் கடைக்கு அனுப்புவேன். வருஷத்துக்கு இரண்டு மூன்று விற்கும். அதில் ஒன்றைப் பார்த்துவிட்டு, ஓய்வுபெற்ற ஹவில்தார் அந்தோணிசாமி என்பவர், அல்சூர் ஏரியை நேரில் வந்து வரைந்து தந்தால் பதினைந்து ரூபாய் தருவதாக எழுதியிருந்தார். இரண்டு நாள் லீவு போட்டுக் கிளம்பிவிட்டேன்.

மதியம் ஒன்றரைக்குத் தண்டு ஸ்டேஷன். அல்சூருக்கு இரண்டு மைல், ஜட்கா நாலணா.

"படம் போடவா சாப் வந்தீங்க?" என்றார் வண்டிக்காரர். "துரைமாருங்கதான் ஏரிக்கரையில குடை நட்டு உக்காந்து போடுவாங்க. நம்ம ஆளுங்க போட்டு நான் பாத்ததில்ல."

எதையும் நேரில் பார்த்து அதுவரை நான் வரைந்ததே இல்லை.

ஹவில்தார் வீடு பட்டாள லைனுக்குப் பின்னால். அவர் மனைவி சூசையம்மாள் காப்பி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றார். விஷயத்தை ஹவில்தார் நிமிர்ந்து உட்கார்ந்தபடி சொன்னார். ஒரே மகன் சவரிமுத்து, பட்டாளத்தில் சேர்ந்து, சண்டைக்காகக் கடல் கடந்து பஸ்ராவுக்குப் போனவன். அங்கேயே ஜுரத்தில் இறந்தான். புதைத்ததாக ஒரு காகிதம் வந்தது.

"போட்டோ ஒண்ணும் எடுத்து வெக்கல மாஸ்டர். மூஞ்சிய யாராலயும் போட முடியாது. ஏரிக்கரை ரோட்டு வழியாத்தான் போனான். அந்த எடத்த போட்டுக் குடுங்க."

மாலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தேன். கைக்குப் பழகியபடி இடப்பக்கம் ஒரு மரம், நடுவில் ஒரு படகு, சிவந்த மேகம். ஹவில்தார் விளக்கடியில் பிடித்துப் பார்த்து, "பலே!" என்றார். சூசையம்மாள் வெகுநேரம் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு வாத்தியாரய்யா. ஆனா அவன் போனது விடியக்காலம். அன்னிக்கி எதிர்க்கரையே தெரியல."

"சும்மா இரு சூச," என்றார் ஹவில்தார். "மாஸ்டருக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது என்பது அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை என்னோடு கரைக்கு வர முடியுமா என்று கேட்டேன்.

சனிக்கிழமை, காலை ஆறு மணி. அடர்ந்த பனி. சூசையம்மாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓரிடத்தில் வந்து நின்றார். "இங்கதான் நின்னேன்."

தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மரமில்லை, படகில்லை, என் கை வித்தை எதற்கும் அங்கே வேலையில்லை. பனி ஈரத்தில் வர்ணம் காயாமல் ஓடிற்று. முதல் காகிதம் பாழாயிற்று, இரண்டாவதும் பாழாயிற்று. விரல் மரத்துப்போன நிலையில், வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். மூன்றாவதில் ஓட்டத்தைத் தடுக்காமல் விட்டேன். சாம்பல் நிறம் தானாகப் பரவியது. கரை ரோட்டை மட்டும் ஒரு கோடாக இழுத்து, அது பனிக்குள் போகும் இடத்தில் நிறுத்திவிட்டேன். படத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. கொடுக்கவே பயமாக இருந்தது.

சூசையம்மாள் குனிந்து பார்த்தார். கோடு முடியும் இடத்துக்கு மேல் விரலை நீட்டி, தொடாமல் நிறுத்தினார்.

"இங்கதான் ஒரு வாட்டி திரும்பிப் பாத்தான்."

அப்புறம்தான் அழுதார். காகிதம் வந்த நாளிலிருந்து அவர் அழவே இல்லை என்று ஹவில்தார் பிறகு சொன்னார்.

வீட்டில் ஹவில்தார் படத்தை வாங்கி, மாதா படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். பிறகு, "கீழ உங்க பேரு இல்லியே?" என்றார். நகல் படங்களில் நான் பெயர் போடுவதில்லை. "எழுதுங்க மாஸ்டர். யாரு போட்டதுன்னு கேட்டா சொல்லணுமில்ல." கோட்டுக்குக் கீழே முதல் தடவையாக என் பெயரை எழுதினேன்.

மதிய ரயிலில் திரும்பினேன். பங்காருப்பேட்டை தாண்டி வண்டி இறங்க இறங்கக் குளிர் விட்டது. மனம் மட்டும் அந்தக் கரையிலேயே நின்றது. பெங்களூர்க்காரர்கள் எத்தனையோ பேர் தினமும் கடந்துபோகும் ஏரி அது. அதை ஒருத்தி பார்த்தபடி பார்க்க எனக்கு மூன்று காகிதம் பிடித்தது.

திங்கட்கிழமை விடியற்காலை எங்கள் ஊர்ப் பெரிய ஏரிக்குப் போனேன். அதன் பின்தெருவில் பதினொரு வருஷமாகக் குடியிருக்கிறேன். கரை எந்தப் பக்கம் வளைகிறது என்று அன்றுதான் பார்த்தேன். காகிதத்தை விரித்து உட்கார்ந்தேன். பள்ளிக்கூட மணி கேட்டது. எழுந்திருக்கவில்லை. கோடை விடுமுறைக்கு முன் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு, இன்றுவரை படம் வரைந்தே பிழைக்கிறேன்.