உடைந்த முட்டைக்குப் பிறகு

எவாந்தியா போன இலையுதிர் காலத்தில் இறந்துபோனார். அவருடைய மகன் மில்தோஸ் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். அம்மா செய்த வேலை என்னவென்று ஒரு ஈஸ்டரின்போதுதான் அவனுக்கு முழுதாகப் புரிந்தது. அப்போது வண்டியோட்ட வாய்த்ததற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறான்.

கிரேக்க நாட்டின் கவாலா நகரில் சிறப்புக் குழந்தைகளின் பாலர் பள்ளியில் அவர் ஆசிரியை. பிஸ்கட் டப்பாவை இறுக மூடிக் குழந்தையின் முன் வைப்பார். குழந்தை டப்பாவை இழுக்கும், அழும், கடைசியில் அவர் முகத்தைப் பார்க்கும். பார்த்த கணமே திறந்துவிடுவார்; இன்னொருவர் முகம் பார்த்துக் கேட்கப் பழக்குவதுதான் பாடம்.

ஐந்து வயது சோதிரிஸுக்கு, ஈஸ்டருக்கு வேகவைத்துச் சாயமேற்றும் சிவப்பு முட்டைகளை மோதி விளையாடக் கற்றுக்கொடுத்தார். ஒருவர் பிடிக்க, மற்றவர் தட்ட வேண்டும்; யார் முட்டை உடைகிறதோ அவர் தோற்றார். தனியாக ஆட முடியாது. அதற்காகவே அந்த விளையாட்டு. அவன் அம்மா அர்கிரோவுக்கு இருந்தது ஒரே ஆசை: ஈஸ்டர் விருந்தில், சொந்தக்காரர்கள் நடுவில் மகனோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வருடாவருடம் அவர்கள் இருவரும் சமையலறையில்தான் சாப்பிட்டார்கள்.

அந்த ஈஸ்டரன்று, அர்கிரோவின் அண்ணன் மகள் தனாயி தட்டியதில் சோதிரிஸின் முட்டை உடைந்தது. அவன் அலறி மேசை விரிப்பை இழுத்ததில் தட்டுகளெல்லாம் தரையில்.

"இனிமே அவன எங்கயும் கூட்டிட்டுப் போகல டீச்சர்," என்றாள் அர்கிரோ போனில்.

எவாந்தியா போனை வைத்துவிட்டு மில்தோஸிடம் திரும்பினார். "தப்பு என்னோடதுடா. வகுப்புல அவன் முட்டை ஒரு தடவகூட உடையல. பையன் மொகம் வாடக் கூடாதுன்னு நான்தான் என் முட்டையோட சீக்கிரம் உடையற மொண்ணப் பக்கத்தையே நீட்டிட்டு இருந்தேன். ஜெயிக்க மட்டும் சொல்லிக் குடுத்திருக்கேன்."

"சோதிச்சுப் பாக்காமலே லிஃப்ட ஓட விட்ட மாதிரிம்மா. எங்க கம்பெனியா இருந்தா சீட்டக் கிழிச்சிருப்பாங்க."

"வாய மூடிட்டு வண்டிய எடு."

ஈஸ்டருக்கு நாற்பதாம் நாள் வரும் விண்ணேற்றப் பெருநாள் வரை ஈஸ்டர் வாழ்த்து செல்லும், முட்டையும் செல்லும். தினமும் மாலை அர்கிரோவின் வீட்டுக்குப் போனார்கள். முதலில் எவாந்தியா தன் முட்டையை உடையவிட்டார். "ஐயோ, போச்சே! இன்னொண்ணு குடு," என்று கையை நீட்டினார். பிறகு சோதிரிஸின் முட்டை உடைந்தது. அவன் அதைச் சுவரில் எறிந்தான். எவாந்தியா தன் தலைமுடியில் ஒட்டிய ஓட்டைத் தட்டிவிட்டு, அவன் முன் கூடையை வைத்துக் காத்திருந்தார். உடைந்ததெல்லாம் மறுநாள் மில்தோஸின் மதியச் சாப்பாடு.

"முட்ட நாத்தத்துல யாரும் என்கூட லிஃப்ட்ல ஏற மாட்டேங்கறாங்கம்மா."

"நல்லது, கூட்டமில்லாம போ."

விண்ணேற்றத்துக்கு முந்தைய ஞாயிறு அர்கிரோ அண்ணன் குடும்பத்தை மறுபடியும் விருந்துக்கு அழைத்தாள். எவாந்தியா உள்ளே போகவில்லை. தான் இருந்தால் பையன் தன்னைத்தான் பார்ப்பான் என்று தெருவிலேயே வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். மில்தோஸ் பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான்.

அர்கிரோ வெறுங்காலோடு ஓடி வந்தாள். "உடைஞ்சிருச்சு டீச்சர்! கத்தல!"

"அப்புறம்?"

"கைய நீட்டி, 'இன்னொண்ணு'ன்னு கேட்டான்."

"யாரப் பாத்து?"

"தனாயிய. அவ மொகத்தப் பாத்து!"

அர்கிரோ வண்டி ஜன்னல் வழியே கையை விட்டு எவாந்தியாவின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "என்ன சொல்றதுன்னே தெரியல டீச்சர்."

"ஒண்ணும் சொல்லாத. போய் உக்காந்து சாப்பிடு. ஆறிடும்."

திறந்திருந்த வீட்டுக் கதவு வழியாக மேசை தெரிந்தது. அர்கிரோ மகனுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். யாரோ அவள் தட்டில் ஆட்டிறைச்சி வைத்தார்கள். மில்தோஸ் சாவியைத் திருப்பப் போனான்.

"எடுக்காதடா," என்றார் அம்மா. "அவ சாப்பிடறத கொஞ்சம் பாத்துக்கறேன்."