ஆறு ஃபாரத்தில் அடங்காத புனிதர்

1. முதல் நாள்

ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டனில் இருந்த அந்த அச்சகத்தில் நான் சேர்ந்த முதல் நாள், எனக்குக் கிடைத்த வேலை ஒரு பீட்சா கடையின் மெனு. இரண்டாவது வேலை, வீடு விற்கும் ஏஜென்ட் ஒருவரின் படம் போட்ட கார்டு. மலேசியாவில், கிள்ளானில், பதினெட்டு வருடம் ஒரு பதிப்பகத்தில் டைப்செட்டிங்கும் ப்ரூஃப் பார்ப்பதுமாக இருந்தவள் நான். ஆசிரியர்களோடு உட்கார்ந்து வரி வரியாகச் சண்டை போட்டுப் புத்தகம் முடித்திருக்கிறேன். ஆக்லாந்து வந்த பிறகு புத்தகம் என்ற பேச்சே இல்லாமல் போயிற்று.

முதலாளி நந்தன் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட ஏழு வயது இளையவர். மலேசியப் பழக்கத்தில் நான் அவரை ‘பாஸ்’ என்பேன். அவர் என்னை ‘செல்வியக்கா’ என்பார்.

“பாஸ், இங்க புத்தக வேலை வரவே வராதா?”

“வரும் அக்கா. சேர்ச் ஆக்கள், கிளப் ஆக்கள் இடைக்கிட கொண்டு வருவினம். வந்தா உங்களிட்டத்தான் தருவன்.”

முதல் எட்டு வருடத்தில் அப்படி வந்தவை மூன்று. மூன்றாவது வந்தது 2012இல். இன்றும் என் மனதை அரிப்பது அதுதான்.

2. ஆயர் இல்லாத ஊர்

கொண்டுவந்தவர் ஒரு கிரேக்கப் பெரியவர். எழுபத்தெட்டு வயது. அவர் பெயரை ஸ்தாவ்ரோஸ் என்று வைத்துக்கொள்கிறேன்; உண்மைப் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுத வேண்டாமென்று அவருடைய மகள் கேட்டுக்கொண்டார். ஒனிஹங்காவில் முப்பது வருடம் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடை நடத்தி, ஓய்வுபெற்ற பிறகு இந்தப் புத்தகத்தை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்; எங்களோடு பேசியதும் ஆங்கிலத்தில்தான்.

துருக்கியின் மேற்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊர். பைசாந்தியப் பேரரசு இருந்த காலத்தில் அது ஒரு மறைமாவட்டத்தின் தலைமையிடம். அங்கிருந்து போன ஆயர்கள் பெரிய திருச்சபைச் சங்கங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பிறகு துறைமுகத்தில் மண் மேவியது. கப்பல்கள் வருவது நின்றது. மறைமாவட்டம் பக்கத்துப் பெரிய ஊரோடு சேர்க்கப்பட்டு, கடைசியில் பட்டமாக மட்டும் மிஞ்சியது. அதாவது, அந்த ஊரின் பெயரில் ஓர் ஆயர் எங்கோ இருப்பார். அங்கே அவருக்கு ஒரு கோயிலும் இருக்காது, ஒரு குடும்பமும் இருக்காது. 1923இல் கிரேக்கமும் துருக்கியும் சிறுபான்மை மக்களை மாற்றிக்கொண்டபோது மிச்சமிருந்த கிறிஸ்தவர்களும் கிளம்பிவிட்டார்கள். ஸ்தாவ்ரோஸின் அம்மா அப்போது அந்த ஊரில் சிறுமி.

இதையெல்லாம் மகள் எலேனி கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்திருந்தார். கூடவே இரண்டு உள்ளூர்ப் புனிதர்களின் வரலாறு. ஒருவர், திருவுருவப் படங்களை வணங்கக் கூடாது என்று பேரரசர் தடை போட்ட காலத்தில் அதற்கு உடன்படாமல் நாடு கடத்தப்பட்ட ஆயர். மற்றவர், துறைமுக வாயிலில் ஒரு பாறைமேல் குடிசை போட்டு, படகுகளுக்காக இரவெல்லாம் தீ வளர்த்த துறவி. இருவருக்கும் பழைய சுவடிகளில் ஆதாரம் இருந்தது. அடிக்குறிப்புகூடப் போட்டிருந்தார்கள்.

நான் பசித்தவள்போல அந்தப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டேன். எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னால் ஆயர் பட்டியலில் கால வரிசை சரியா என்று கேள்வி கேட்டேன். அவருக்கும் அது பிடித்தது. “நீ டைப் பண்றவ இல்ல செல்வி, எடிட்டர்” என்றார் ஒருநாள். அந்த ஒரு வார்த்தை என் தலைக்கு ஏறிவிட்டது.

3. நான்கு தாள்கள்

முதல் ப்ரூஃப் கொடுத்த பிறகு ஒரு காலையில் நான்கு தாள்களோடு வந்தார். ஆங்கிலத்தில், நீல மையில், கையால் எழுதியது.

“இதையும் சேக்கணும். மூணாவது புனிதர். கலீ.”

பக்கத்தில் நின்ற நந்தன், “எங்கட ஊரிலயும் காளி இருக்கிறா ஐயா” என்று சிரித்தார். கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கு ‘நல்லவள்’ என்று பொருள் என்றார் ஸ்தாவ்ரோஸ்.

அவர் சொன்னபடி, கலீ ஒரு விதவை. ஊருக்குப் பொதுவான ரொட்டி அடுப்புகளைப் பார்த்துக்கொண்டவள். கடற்கொள்ளையர் வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஊர் முழுக்க மலைக்கோட்டைக்கு ஓடியது. நடக்க முடியாதவர்கள் கோயிலில் கிடந்தார்கள். அவள் அவர்களோடு இருந்துவிட்டாள். ஊரிலுள்ள எல்லா அடுப்பையும் மூட்டினாள். புகையைப் பார்த்த கொள்ளையர்கள், உள்ளே ஒரு படையே சமைத்துச் சாப்பிடுகிறது என்று நினைத்துக் கப்பலைக் கரைக்குக் கொண்டுவரத் தயங்கினார்கள். அந்த நேரத்தில் ஜனங்கள் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் உண்மை தெரிந்து உள்ளே வந்தவர்கள் அவளைக் கொன்றார்கள்.

“இதுக்கு ஆதாரம் என்னங்க?” என்று கேட்டேன்.

“எங்க அம்மா.”

“எந்தச் சுவடியிலயாவது?”

“இல்ல. வருஷத்துல ஒருநாள் ஊர்ப் பொம்பளைங்க, கோயில் ரொட்டிக்குக் குத்துற முத்திரை இல்லாத ஒரு ரொட்டிய அடுப்பு வாசல்ல வைப்பாங்க. வைக்கும்போது சொல்ற ஜெபம் ஒண்ணு இருக்கு. அதையும் கிரேக்கச் சொல்லாவே, இங்கிலீஷ் எழுத்துல எழுதியிருக்கேன்.”

“அவங்களுக்குப் புனிதர் பட்டம் யாரு குடுத்தா?”

நான் கத்தோலிக்கப் பெண். ரோமில் விசாரணை நடக்கும், அற்புதத்துக்குச் சாட்சி வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவள். அந்த நினைப்பில்தான் கேட்டேன்.

“யாரும் குடுக்கல. விளக்கு வச்சாங்க. பிள்ளைங்களுக்குப் பேரு வச்சாங்க. எங்க பக்கம் அப்படித்தான் ஆரம்பிக்கும்.”

தாள்களை வாங்கி அன்றே டைப் செய்தேன். டைப் செய்யும்போது கண் எழுத்தைப் பார்க்கும், விரல் ஓடும், பொருள் மனதில் நிற்காது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும். அந்த ஜெபம் என் பத்து விரல் வழியாகவும் போனது. அதில் ஒரு சொல்கூட இன்று என்னிடம் இல்லை.

4. வெட்டியது

பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். புத்தகம் சரியாக ஆறு ஃபாரம், 96 பக்கம். கலீ சேர்ந்ததும் நூறானது.

“நாலு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓடேலாது அக்கா. எங்கயாவது சுருக்குங்கோ. எது எண்டு நீங்களே பாருங்கோ” என்றார் நந்தன்.

எழுத்தளவை அரைப் புள்ளி குறைத்திருந்தால் நூறு பக்கமும் தொண்ணூற்றாறில் அடங்கியிருக்கும். அது எனக்கு அன்றே தெரியும். இதை இப்போதுதான் முதல் முறையாக எழுதுகிறேன். நான் செய்து பார்க்கவில்லை. அடிக்குறிப்போடு நிற்கும் இரண்டு புனிதர்களுக்குப் பக்கத்தில், ‘அம்மா சொன்னார்’ என்று நிற்கும் இந்த அத்தியாயம் புத்தகத்தைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டியிருந்தேன்.

அவருக்கு ஃபோன் போட்டேன்.

“இத போட்டா, படிக்கிறவங்க மத்த ரெண்டையும் சந்தேகப்படுவாங்க. புத்தகத்துக்கு மரியாதை போயிடும். நான் இத்தன வருஷம் இந்த வேலைல இருக்கேன், சொல்றத கேளுங்க.”

“உனக்குத்தான் புத்தகம் தெரியும். எனக்கு மீன்தான் தெரியும்” என்றார்.

நக்கலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே என்னை நம்பித்தான் சொன்னார்.

அச்சுக்கு அனுப்பிய மறுநாள் மேசையைச் சுத்தம் செய்தேன். ப்ரூஃப், பிழைத்தாள், வேண்டாத பிரிண்ட் எல்லாம் மறுசுழற்சித் தொட்டிக்குப் போயின. நீல மைத் தாள்களும் அதில் போயின. கம்ப்யூட்டரில் ஃபைனல் ஃபைல் மட்டும் வைத்துக்கொள்வது எங்கள் அச்சக வழக்கம்; நான் அடித்த நான்கு பக்கமும் அப்படி அழிந்தன.

5. வெளியீடு

கிரேக்கக் கோயிலை ஒட்டிய ஒரு ஹாலில் புத்தகம் வெளியானது. என்னையும் நந்தனையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஸ்தாவ்ரோஸ் கோட் போட்டிருந்தார். பேச்சில் என் பெயரையும் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காப்பி குடிக்கும்போது, தொண்ணூறை நெருங்கும் ஒரு அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு மேசைக்கு வந்தார். புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து. ஸ்தாவ்ரோஸிடம் கிரேக்கத்தில் ஏதோ கேட்டார். அவர் தலையைக் குனிந்து ஓரிரு சொல் சொன்னார்.

பக்கத்தில் நின்ற எலேனியிடம் என்னவென்று கேட்டேன்.

“அவங்க பேரு கலீ. அவங்க அம்மாவும் அதே ஊரு. ரொட்டி வைக்கிறது அவங்களுக்குத் தெரியும், ஜெபம் மறந்துபோச்சு. இந்தப் புத்தகத்துல இருக்கும்னு அப்பா சொல்லியிருந்தாராம். அதான் தேடுறாங்க.”

“அப்பா என்ன சொன்னாரு?”

“‘வயசாச்சு, எழுத மறந்துட்டேன்’னு சொல்றாரு.”

என்னைக் கை காட்டியிருக்கலாம். காட்டவில்லை. நான் கப்பைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து கார் பார்க்கில் நின்றேன்.

6. எட்டு வாரம்

அடுத்த திங்கட்கிழமையே ஸ்தாவ்ரோஸ் அச்சகத்துக்கு வந்தார்.

“அந்த நாலு பக்கத்த மட்டும் தனியா அடிச்சு, புத்தகத்துக்குள்ள வச்சுக் குடுக்கலாமா? கலீ அம்மாவுக்கு ஒண்ணு, மத்தவங்களுக்கும். அந்தத் தாளுக்கு என்கிட்ட வேற காப்பி இல்ல.”

“இருக்குங்க. தேடி எடுத்து வைக்கிறேன்” என்றேன்.

அந்த நிமிடத்தில், “தூக்கிப் போட்டுட்டேன், மன்னிச்சிடுங்க, மறுபடியும் எழுதிக் குடுங்க” என்று சொல்லியிருந்தால் அரை நாளில் எழுதித் தந்திருப்பார். அவருக்கு அப்போது எல்லாம் நினைவில் இருந்தது. ஆனால் எடிட்டர் என்று என்னைக் கூப்பிட்ட மனிதரிடம் தொட்டியில் போட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய டிஸ்க்குகளைத் தேடினேன். தொட்டியை எடுத்துப்போகும் கம்பெனிக்கு ஃபோன் செய்தேன்; அவர்கள் சிரித்தார்கள். அவர் வாரம் ஒருமுறை கூப்பிடுவார். நான் “இன்னும் ரெண்டு நாள்ல” என்பேன்.

நந்தனுக்கு விஷயம் தெரிந்தபோது கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “துலைச்சது பிழைதான். எல்லாருக்கும் நடக்கும். ஆனா அந்த மனுசனுக்குச் சொல்லாம வச்சிருக்கிறியளே அக்கா, அதுதான் சரியில்லை. இண்டைக்கே கதையுங்கோ.”

“ஆமா பாஸ், நாளைக்குப் பேசிடுறேன்” என்றேன். மறுநாளும் பேசவில்லை. அப்படியே எட்டு வாரம் போயிற்று. ஒன்பதாவது வாரம் அவர் கூப்பிடவில்லை. எலேனி கூப்பிட்டார். அப்பாவுக்கு ஸ்ட்ரோக், வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன என்றார்.

7. பக்குரங்கா

ஆஸ்பத்திரியிலிருந்து அவரைப் பக்குரங்காவில் மகள் வீட்டுக்கு அருகில் ஒரு முதியோர் இல்லத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். எலேனி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதலில் அவரிடம் சொல்லிவிட்டு, பிறகு ஸ்தாவ்ரோஸின் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். தாள்களைத் தூக்கிப் போட்டது, பொய் சொன்னது, எழுத்தளவைக் குறைக்காமல் விட்டது. அழக்கூடாது என்று நினைத்துப் போயிருந்தேன். முடியவில்லை.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. இடது கையால் கம்பளியைத் தட்டினார். பிறகு வாயைத் திறந்தார். முதலில் முனகல்போல இருந்தது. மெல்ல ஏறி, ஓரிடத்தில் நின்று, இறங்கி, மறுபடி ஏறியது. மூன்று முறை அப்படிச் செய்தார்.

எலேனி எழுந்து நின்றுவிட்டார்.

“அதுதான்” என்றார். “அந்த ஜெபம். பாட்டி சமையல்கட்டுல சொல்லிக் கேட்டிருக்கேன். ராகம் அதேதான்.”

“வார்த்தை புரியுதா?”

அவர் அப்பாவின் வாயருகே காதை வைத்துக் கேட்டார். ஃபோனில் பதிவும் செய்தார். இல்லையென்று தலையை ஆட்டினார். சொல்லாக ஒன்றும் வரவில்லை. ராகம் மட்டும் வந்தது. இடது கையில் பேனா கொடுத்துப் பார்த்தோம். கோடுதான் விழுந்தது.

ஏழு வாரம் கழித்து இறந்துபோனார்.

8. ஒரே ஒரு தாள்

அந்தப் பதிவை எலேனி கோயிலில் பாடுகிறவர்களுக்கும், கிரேக்கத்திலுள்ள உறவினர்களுக்கும் அனுப்பினார். யாருக்கும் தெரியவில்லை. கலீ அம்மா கேட்டுவிட்டு, ராகம் சரிதான் என்றாராம். அதற்குமேல் அவராலும் முடியவில்லை. என்ன தேதியில் ரொட்டி வைப்பது என்பதும் அவருக்கு நினைவில்லை; அதுவும் அந்தத் தாளில்தான் இருந்தது.

கடைசியில் ஒரே ஒரு தாள் அச்சடித்தோம். அடுப்புகளை மூட்டிய கதையை எனக்கு நினைவிருந்தவரை நானே எழுதினேன், எலேனி திருத்தினார். முடிவில், ‘ரொட்டி வைக்கும்போது சொல்லும் ஜெபம் இப்போது தெரியவில்லை’ என்று ஒரு வரி. ‘அச்சகத்தின் தவறால் தொலைந்தது’ என்று சேர்க்கச் சொன்னேன். எலேனி, “வேண்டாம். அது கலீயோட பக்கம். உங்களோடது இல்ல” என்றார்.

பிறகு ஏழு வருடம் அந்த அச்சகத்தில் வேலை பார்த்து, 2019இல் ஓய்வுபெற்றேன். அந்த ஏழு வருடத்தில் எந்தக் கஸ்டமரின் கையெழுத்துத் தாளையும் அவர் கையில் திருப்பிக் கொடுக்காமல் நான் மேசையைத் துடைத்ததில்லை. யாருடைய அத்தியாயத்தையும் வெட்டச் சொன்னதில்லை. ஆனால் புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் அழுத்திச் சொன்னது வேறு. வேலையில் தவறு நடக்கும். நடந்த அன்றைக்கே, சம்பந்தப்பட்டவரிடமே போய்ச் சொல்லிவிடுங்கள். அவரால் அதைச் சரிசெய்ய முடிகிற நாட்கள் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. எனக்கு எட்டு வாரம் கிடைத்தது. அதை நான் என் கூச்சத்துக்குக் கொடுத்துவிட்டேன்.