கமர்கட்டும் களிமண் உருண்டையும்: சோழவந்தானில் ஒரு சனிக்கிழமை

என்னால் ஓரிடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்பாள் மனைவி. ஆனால் போன சனிக்கிழமை சோழவந்தானுக்குக் கிளம்பியது ஊர்சுற்ற அல்ல. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் யாழினி, புத்தகத்தில் இல்லாத கேள்வியை யாராவது கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள். நான் விடை சொல்லாவிட்டால் அழுதுவிடுவாள். பிள்ளைகளைத் தாங்களாகவே யோசிக்கவிடும் வகுப்பு அங்கே ஒரு சின்னப் பள்ளியில் நடக்கிறது, பெற்றோரும் உட்காரலாம் என்றார்கள். இவளுக்குச் சரிப்படுமா என்று பார்த்தாக வேண்டும். பயமாகத்தான் இருந்தது.

தல்லாகுளத்திலிருந்து பெரியார் நிலையம் போய் எட்டு மணிப் பேருந்தைப் பிடித்தோம். இருபது கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரம். இறங்கியதும் ஆட்டோ, அறுபது ரூபாய்.

“மிட்டாய் டீச்சர் ஸ்கூலாண்ணே? ஏறுங்க. போகையில எம்புட்டுப் பேசுறவுகளும் திரும்பையில கம்முனு வாராக,” என்று சிரித்தார் ஓட்டுநர்.

வாசலிலேயே விஷயம் புரிந்தது. டீச்சர் என் கையில் ஒரு கமர்கட்டை வைத்தார். “வாயில போட்டுக்கங்க சார். கரையிற வரைக்கும் பேசக்கூடாது. பெத்தவங்க விடை சொல்றதை நிறுத்த எனக்கு வேற வழி தெரியல.”

ஆளுக்கொரு களிமண் உருண்டை, முன்னால் ஒரு வாளித் தண்ணீர். மண் மிதக்க வேண்டும், அவ்வளவுதான். யாழினி உருண்டையைப் போட்டாள், மூழ்கியது. தோசை போலத் தட்டிப் போட்டாள், அதுவும் மூழ்கியது. கண் கலங்க என்னைத் திரும்பிப் பார்த்தாள். கிண்ணம் போலக் குழித்தால் மிதக்கும்! விடை நாக்கு நுனியில் நிற்கிறது, பல்லோ வெல்லப்பாகில் ஒட்டிக் கிடக்கிறது. கையைக் குவித்துக் காட்டப் பார்த்தேன்; டீச்சர் வந்து மறைத்து நின்றுகொண்டார். ஐயோ, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

அவர் நகர்ந்தபோது யாழினி என்னைப் பார்க்கவில்லை. தன் ரப்பர் செருப்பைத் தண்ணீரில் விட்டு, அதன்மேல் மண்ணை வைத்துக்கொண்டிருந்தாள். மிதந்தது.

வாய் திறந்திருந்தால் ‘அழுகுணி ஆட்டம்’ என்று கத்தியிருப்பேன். “மிதக்குதுல்ல?” என்று மட்டும் கேட்டார் டீச்சர். “மிதக்குது மிஸ்!” என்றாள் யாழினி, பள்ளிக்கூடமே அதிரும்படி. நான் விடை சொல்லியிருந்தால் அந்தச் செருப்பு காலிலேயே கிடந்திருக்கும்.

திரும்பும் பேருந்தில் தண்ணீர் பாட்டிலின் மூடி இறுகிக்கொண்டது. என் கை தானாக நீண்டது. அவள் தன் சட்டைப்பையிலிருந்து, டீச்சர் கொடுத்தனுப்பிய ஒரு கமர்கட்டை எடுத்தாள். “அப்பா, ஆ காட்டுங்க.” பிறகு பாவாடை நுனியை மூடியில் சுற்றித் திருகத் தொடங்கினாள்.

போகிறவர்களுக்கு: வகுப்பு சனிக்கிழமை காலை மட்டும்தான். பிள்ளைக்கு மாற்று உடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கமர்கட்டு அங்கேயே தருவார்கள். ஊர் வந்து இறங்கியதும் நான் ஒரு டப்பா வாங்கினேன், எனக்குத்தான்.